கை விரிக்க இயலாத ஹமீட்

1937ஆம் ஆண்டில் வெள்ளவத்தை ரயில் நிலையத்துக்கு முன்னால் வாடகைக்கு ஓடும் ஆறு ஹயரிங் கார்கள் நின்றன. அவற்றின் சாரதிகளில் ஐந்து பேர் கார் ஓட்டுவதில் கெட்டிக்காரர்கள். ஆறாமவரான ஹமீட் காரை ஸ்டார்ட் செய்வதில் கெட்டிக்காரர். ஓட்டுவது அதற்குப் பிறகு வரும் சின்ன வேலை என்பது அவர் கருத்து.

மாளிகாவத்தையில் பிறந்தவர். ஒரு வெள்ளைக்காரத் துரையின் காரைக் கழுவத் தொடங்கி, பிறகு அதை ஓட்டி, துரை சீமைக்குத் திரும்பியபோது அதையே வாங்கிக்கொண்டு வெள்ளவத்தைக்குக் குடிவந்தார். வயது முப்பத்தெட்டு. மனைவி ஸமீமா. பெண் பிள்ளைகள் இருவர். எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார் என்று அவரைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சொல்லும்போது புகழ்கிறார்களா அலுத்துக்கொள்கிறார்களா என்று கண்டுபிடிப்பது கடினம்.

அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றுக்குச் சாவியைத் திருப்பினால் மட்டும் போதாது. முன்னால் குனிந்து, இரும்பு ஹாண்டில் ஒன்றைத் துளைக்குள் செருகி, ஒரே இழுப்பில் மேல்நோக்கிச் சுற்ற வேண்டும். எஞ்சின் சில வேளை முரண்டு பிடித்து ஹாண்டிலை எதிர்ப்பக்கம் உதைக்கும். பெருவிரலை ஹாண்டிலைச் சுற்றி மடித்துப் பிடித்தவருக்கு அந்த உதையில் முன்கை முறியும். பெருவிரலை மற்ற நாலு விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடித்தவருக்குக் கை தானாகக் கழன்றுகொள்ளும். இந்த ஞானத்தை ஹமீட் கேட்டவர்களுக்கும் போதித்தார், கேளாதவர்களுக்கும் போதித்தார்.

வைகாசி மாதத்து மழைத்தூறல் நாளொன்றில் அவர் போதித்தது றேமண்டுக்கு. றேமண்ட் கொட்டாஞ்சேனைக்காரர், நாற்பது கடந்தவர். துறைமுக வேலையை விட்டுவிட்டுப் புதிதாகச் சாரதித் தொழிலுக்கு வந்திருந்தார். ஹமீட் வயதில் இளையவரென்றாலும், முஸ்லிம் ஆண்களைக் கூப்பிடும் கொழும்பு வழக்கப்படி, அவரை 'நானா' என்றுதான் கூப்பிடுவார்.

"பெருவெரல் இந்தப் பக்கம் ஈக்கணும், றேமண்ட்."

"அப்பிடித்தானே நானா பிடிச்சனான்."

"இல்ல. நீங்க புடிச்சது எப்பிடி தெரியுமா? இந்தா, இப்பிடி."

பிழையான பிடியை ஹமீட் செய்து காட்டினார். செய்து காட்டுவதென்றால் முழுமையாகச் செய்ய வேண்டுமே, ஆகவே அரைச் சுற்றும் சுற்றினார். தெகிவளை வரை ஓடிவிட்டு வந்த எஞ்சின் இன்னும் சூடாக இருந்ததையும் சுவிட்ச் போட்டபடியே இருந்ததையும் கவனிக்கவில்லை. ஹாண்டில் உதைத்தது. வலது முன்கையின் நடுவில், சுள்ளி முறிவது போன்ற சத்தம் இரண்டு தரம் கேட்டது.

"விளங்கிச்சு நானா" என்றார் றேமண்ட்.

அவர்தான் ஹமீட்டை ஹமீட்டின் காரிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியில் கொழும்பின் பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே றேமண்டுக்கு ஒருவரையும் தெரியாது. கொட்டாஞ்சேனையில் கன்னியாஸ்திரீகள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் அவருடைய மச்சாள் டோரின் பிளாஸ்தர் கட்டும் தாதியாக இருந்தார். ஆகவே முறிந்த கை கொழும்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போயிற்று. தெரிந்த ஆள் இருக்கும் இடம்தான் கிட்ட உள்ள இடம் என்பது இந்த நகரத்தின் புவியியல்.

அந்த ஆஸ்பத்திரியின் சத்திரவைத்தியர் டொக்டர் கொன்ஸ்ரன்ரைன். மெலிந்தவர், சிரிக்காமல் பகிடி விடுபவர். எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, மேசையிலிருந்து இரண்டு பென்சில்களை எடுத்தார்.

"இஞ்ச பாரும் ஹமீட். முன்கையிலை ரெண்டு எலும்பு. உள்ளங்கை மேலை பாக்கேக்கை ரெண்டும் இப்பிடிப் பக்கத்திலை பக்கத்திலை கிடக்கும். கையைக் கவிழ்த்தா, பெருவிரல் பக்கத்து எலும்பு உருண்டு போய் மற்றதுக்கு மேலை குறுக்கை விழும். ரெண்டும் நேரா இருந்தாத்தான் உருளும். உமக்கு ரெண்டும் முறிஞ்சிருக்கு."

"டொக்டர் தொரை, என்ட தம்பிட மகனுக்கும் இப்பிடித்தான் முறிஞ்ச. கொஞ்சம் வளைஞ்சி ஈந்த. மறுகா தானா நிமிந்துட்டு."

"அவனுக்கு எத்தினை வயசு?"

"ஆறு."

"ஆறு வயசிலை எலும்பு வளரும். வளரேக்கை நிமிரும். உமக்கு இனி வளர என்ன இருக்கு? வயிறு மட்டுந்தான். உமக்கு நாங்கள்தான் நிமிர்த்த வேணும். நிமிர்த்தினது அசையாமல் இருக்க வேணும்."

மயக்க மருந்து கொடுத்து, ஒருவர் மேல்கையைப் பிடிக்க இன்னொருவர் விரல்களைப் பிடித்து இழுக்க, டொக்டர் எலும்புகளை ஒட்ட வைத்தார். கைகுலுக்க நீட்டும் பாவனையில், பெருவிரல் வானத்தைப் பார்க்க, முழங்கை மடிந்திருக்க, மேல்கை முதல் விரல்மொளி வரை பிளாஸ்தர் போடப்பட்டது. ஹமீட் கண் விழித்ததும் டோரின் இரண்டு கட்டளைகள் சொன்னார். நனைக்கக் கூடாது. வியாழக்கிழமைதோறும் வந்து எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

முதலாவது கட்டளை வீட்டுக்குப் போனவுடன் சிக்கலாகிவிட்டது. ஐந்து வேளைத் தொழுகைக்கும் வுளுச் செய்ய வேண்டும். வுளு என்றால் முழங்கை வரை கழுவ வேண்டும். ஹமீட் சோம்பேறித்தனமாக முடிவெடுக்கும் ஆள் அல்ல. பிறந்த ஊர்ப் பள்ளிவாசலுக்கே போய் மீரா சாஹிப் லெப்பையிடம் கேட்டார். லெப்பை எழுபது வயதானவர், மார்க்கச் சட்டங்களை மிட்டாய் போல எளிதாக எடுத்துக் கொடுப்பவர்.

"கட்டுப் போட்ட கையக் கழுவ வாணாம் மகன். ஈரக் கையால அதுக்கு மேலால ஒரு தடவ தடவினாப் போதும்."

'போதும்' என்ற சொல்லில்தான் பிசகு நடந்தது. போதும் என்பது மற்றவர்களுக்குச் சொல்லப்பட்டது என்று ஹமீட் எடுத்துக்கொண்டார். லெப்பை ஈரக் கை என்றார். ஹமீட் கோப்பையால் ஊற்றினார். ஒரு தடவை என்றார். ஹமீட் மூன்று தடவை செய்தார். மார்க்கம் அவருக்குக் கொடுத்த சலுகையை மார்க்கத்தின் பெயரால் திருப்பிக் கொடுத்துவிட்டார். வெளியே தென்மேற்குப் பருவமழை. பிளாஸ்தர் ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையில் காயவே இல்லை.

அது சாம்பல் நிறமானபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. சாரதிகள் வெள்ளை உடுப்பு உடுப்பவர்கள். வெள்ளைச் சப்பாத்துக்குப் பூசும் வெள்ளையை எடுத்துப் பிளாஸ்தருக்கும் பூசினார்.

இரண்டாவது கட்டளையைப் பொறுத்தவரை, முதல் வியாழக்கிழமை போனார். எலும்பு நேராக இருந்தது. நேராக இருப்பதை ஏன் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று அடுத்த வியாழன்களில் போகவில்லை. ஏழு கிழமை கழித்து, பிளாஸ்தர் வெட்டும் நாளன்று, மினுமினுக்கும் வெள்ளைக் கையோடு போய் இறங்கினார்.

டோரின் பெரிய கத்தரியைக் கையில் எடுத்தார். எடுத்துவிட்டு, யோசனையோடு பிளாஸ்தரை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். விரல் உள்ளே போனது.

"நானா, இது என்ன பிளாஸ்தரா, கிண்டின தொதலா?"

"வெள்ளையா ஈக்கிதானே, மிஸ்ஸி."

"வெள்ளையாத்தான் இருக்கு. சப்பாத்து மணக்குது."

கத்தரியை வைத்துவிட்டுக் கையாலேயே பிய்த்தார். உள்ளே இருந்த முன்கை எலும்புகள் ஒட்டியிருந்தன. ஆனால் வில்லாக வளைந்து, உள்ளங்கை நிலத்தைப் பார்த்தபடி ஒட்டியிருந்தன. ஹமீட் கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை வானத்தைப் பார்க்க மறுத்தது. பெருவிரலைக் கூட மேலே கொண்டுவர முடியவில்லை.

டொக்டர் கொன்ஸ்ரன்ரைன் படத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், கடைசியில் ஹமீட்டைப் பார்த்துத் தம் இரண்டு கைகளையும் விரித்தார். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்பதைத் தமிழர்கள் வாயால் சொல்வதில்லை. உள்ளங்கைகளை மேலே காட்டுவார்கள். அந்தச் செய்கைக்குக் கூட இரண்டு எலும்பும் நேராக இருக்க வேண்டும் என்பதை ஹமீட் அன்றைக்குத்தான் கவனித்தார்.

"திரும்ப முறிச்சு வைக்க ஏலாதா, டொக்டர் தொரை?"

"ஏலும். வெட்டித் திறந்து, எலும்பைத் திரும்ப முறிச்சு, உருக்குத் தகடு வைச்சுத் திருகாணி போட்டு இறுக்கலாம். ஆனா எலும்பிலை சீழ் பிடிச்சா மருந்தில்லை. கையை எடுக்க வேண்டி வரும். எதுக்கு? கார் ஓடுறதுக்குக் கவிழ்ந்த கைதானே வேணும்? ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரியே ஒட்டியிருக்கு. போய் ஓடும்."

சொன்னது உண்மை. அடுத்த மாதமே ஹமீட் கார் ஓட்டினார், குறையொன்றும் இல்லை. ஹாண்டிலை மட்டும் இடது கையால் சுற்றினார். தொழிலுக்குப் பழுதில்லாத கை, வேறு எல்லாவற்றுக்கும் பழுதாகியிருந்தது.

முதலில் சோறு. வலது கையில் கவளம் எடுக்கலாம். எடுத்ததை வாய்க்குத் திருப்ப முடியாது. முழங்கையைக் கோழிச் செட்டை போலப் பக்கவாட்டில் உயர்த்தி, தலையைத் தாழ்த்தினார்; கை வாய்க்கு வராததால் வாய் கைக்குப் போயிற்று. பாதி மடியில் விழுந்தது. இடது கையால் உண்பது அவர் வீட்டில் நினைத்தும் பார்க்க முடியாத காரியம். ஸமீமா ஒரு கரண்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"எனத்துக்கு இது?"

"தொரைமார் எல்லாம் இதாலதானே தின்றாங்க."

"தொரைமாருக்கு கை முறிஞ்சா ஈக்கி?"

ஆனால் பசி பெரிய துரை. கரண்டியை முஷ்டியாகப் பிடித்துக் கவிழ்ந்த கையால் ஒருவாறு தின்னப் பழகினார். பிறகு உறவில் ஒரு கலியாணம். ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் உண்ணும் விருந்து. இரண்டாவது கவளத்தில் ஹமீட்டின் முழங்கை பக்கத்தில் இருந்தவரின் தொப்பியைச் சோற்றுக்குள் தள்ளியது. வீட்டுக்காரர் மிகவும் மரியாதையாக அவருக்குத் தனிப் பீங்கானும் கரண்டியும் தனி மேசையும் கொண்டுவரச் செய்தார். சபை நடுவில் மாப்பிள்ளையை விடப் பெரிய மரியாதை. அதற்குப் பிறகு ஹமீட் விருந்துகளுக்குப் போவதை விட்டார்.

துஆக் கேட்க இறைவனிடம் கை ஏந்தினாலும் அதே கதி. இடது கை கேட்டது. வலது கை போதும் போதும் என்று மூடியது. "அல்லாவுக்கு நான் எனத்த கேக்குறேன்டே வெளங்காது" என்று ஸமீமாவிடம் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

தரிப்பிடத்தில் வேறு வகைத் தொல்லை. ஹயருக்கு வர முடியாதென்றால் சாரதிகள் தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டுவார்கள். ஹமீட் விரித்தால் அது 'இந்தா வாறேன், பொறுங்க' என்பது போல இருந்தது. வர மாட்டேன் என்று சைகை காட்டிய மூன்று பேரை, அவர்கள் வந்து ஏறி உட்கார்ந்துவிட்டதால், மொறட்டுவை வரை கொண்டுபோய் விட்டார். மறுக்கவே தெரியாத நல்ல மனிதர் என்று அந்தப் பக்கத்தில் பெயர் பரவியது. வாழ்க்கையில் எல்லாவற்றையும் மறுத்தே வந்தவருக்கு இது பெரிய அவமானம்.

ஒரு நாள் பகல் சாப்பாட்டில் கரண்டியை வைத்துவிட்டு எழும்பினார்.

"டொக்டர்கிட்ட வெட்டச் செல்லப் போறேன்."

"எனத்த வெட்ட?"

"கைய. தெறந்து தகடு வெக்கச் செல்லப் போறேன்."

ஸமீமா அவர் வைத்த கரண்டியை எடுத்து ஓரமாக வைத்தாள். குரலை உயர்த்தாமல் கேட்டாள். "சீழ் புடிச்சா கைய எடுப்பாங்கன்டு டொக்டர் சென்னதானே? கார் ஓட்ற கையக் குடுத்துட்டு சோறு தின்ற கைய வாங்கப் போறீங்களா?"

"ரெண்டும் ஒரே கைதானே."

"அதத்தான் நானும் செல்றேன்."

இரண்டு பேரும் ஒரே வசனத்தைச் சொல்லி எதிரெதிர்ப் பக்கம் நின்றார்கள். ஸமீமா சொன்னது நியாயம். ஹமீட்டிடம் நியாயம் இல்லை, முடிவு இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை கோட்டைக்கு ரயிலேறி, அங்கிருந்து கிராண்ட்பாஸ் டிராமில் போய், பாதியில் இறங்கி நடந்து ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்தார். டொக்டர் மாட்டேன் என்றார். அதற்கடுத்த வியாழனும் போனார். மாட்டேன். வர வேண்டிய வியாழன்களில் வராத மனிதர், வர வேண்டாம் என்ற பிறகு ஒரு வியாழனும் தவறவில்லை. ஐந்தாவது வியாழன் டொக்டர் பொறுமையிழந்தார்.

"நீர் ஒரு பிளாஸ்தரைக் காயவிட்டுக் காப்பாத்தத் தெரியாத மனிசன். உமக்கு நான் எலும்பைத் திறந்து தகடு வைக்கிறதோ? எந்த நம்பிக்கையிலை?"

"அது வெளங்காமச் செஞ்ச பிழை."

"இப்ப விளங்கிட்டுதோ? சரி, பாப்பம். டோரின்! இவரின்ரை இடது கைக்குப் பிளாஸ்தர் போடும்."

"இடது கைக்கோ டொக்டர்? அது நல்ல கை."

"தெரியும். மூண்டு கிழமை. துளி நனையாமல் திரும்பிக் கொண்டு வரட்டும். வந்தா யோசிக்கிறன்."

டோரின் சிரிப்பை அடக்கிக்கொண்டு, முறியாத கைக்கு முறைப்படி பிளாஸ்தர் போட்டார். ஹமீட் அதை விருது வாங்குகிறவர் போல வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். வாசல் படலை வரை நடந்தவர் நின்றார். பிற்பகலின் அசர் தொழுகைக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். வெள்ளவத்தைக்குப் போகாமல் நேரே மாளிகாவத்தைக்கு நடந்தார்.

லெப்பை பள்ளிவாசலில் இருந்தார். ஹமீட் இடது கையை நீட்டினார்.

"அடப் பாவமே, இதையும் முறிச்சிக்கிட்டியா?"

"இல்ல லெப்ப. இது நல்ல கை." நடந்ததைச் சொன்னார். "மேலால ஒரு தடவ தடவினாப் போதும்தானே? இந்த மொற சத்தியமா ஒரு தடவதான்."

லெப்பை தாடியைத் தடவினார். எளிதில் மிட்டாய் கொடுப்பவர் அன்றைக்குக் கொடுக்கவில்லை.

"முறிஞ்ச கைக்குத்தான் மகன் அந்தச் சலுக. நல்ல கைய சும்மா மூடி வெச்சிக்கிட்டுத் தடவ ஏலா. அதக் கழுவத்தான் வேணும்."

"கழுவினா நனையுமே."

"நனையும்."

"நனைஞ்சா டொக்டர் வெட்ட மாட்டாரே."

"அது டொக்டர்ட விஷயம்."

கழுவக் கூடாத கையைக் கழுவிக் கெடுத்தவர் முன்னால், கழுவ வேண்டிய கை கழுவக் கூடாததாக நின்றது. ஒரு வழி இருந்தது: ஒன்றும் கேளாதவர் போலத் தடவிவிட்டு மூன்று கிழமையை ஓட்டலாம். லெப்பை அவர் பின்னால் வெள்ளவத்தைக்கு வந்து பார்க்கப் போவதில்லை. இன்னொரு வழியும் இருந்தது, அது அவருடைய பழைய வழி: தானே ஒன்றைத் தீர்மானித்து அதை மும்மடங்காகச் செய்வது. ஹமீட் இரண்டையும் விட்டுவிட்டு, வேர்க்க வேர்க்கக் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பி நடந்தார். டொக்டர் வீட்டுக்குப் போகக் குடையை எடுத்துக்கொண்டிருந்தார்.

"இதக் கழட்டுங்க டொக்டர் தொரை."

"அதுக்குள்ளையோ? மூண்டு மணித்தியாலம் கூட ஆகேல்லை."

ஹமீட் லெப்பை சொன்னதைச் சொன்னார். "நல்ல கையக் கட்டி வெக்க ஏலா. சோதிக்கிறன்டா வேற எப்பிடியாவது சோதிங்க. பழுதான கையிலயே போடுங்க, ஒரு வருஷம் வேணுமென்டாலும் வெச்சிக்கிறேன். இதுக்கு மட்டும் என்னால ஏலா."

டொக்டர் குடையைக் கீழே வைத்தார்.

"போன முறை பள்ளியிலை கேட்டனீரோ?"

"கேட்டேன்."

"கேட்டுப்போட்டு?"

"கேட்டத விடக் கூடச் செஞ்சேன்."

"இந்த முறை?"

"கேட்டத அப்பிடியே வந்து செல்றேன்."

டோரின் கத்தரியோடு வந்தார். பிளாஸ்தர் உள்ளே இன்னும் லேசாக ஈரம், ஆனாலும் அது கல்லாக இறுகியிருந்ததால் வெட்டக் கஷ்டப்பட்டார். டொக்டர் அதைப் பார்த்துக்கொண்டே நின்று, ஐப்பசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமையைச் சொன்னார்.

சத்திரசிகிச்சை இரண்டே கால் மணி நேரம் எடுத்தது. முன்கையில் இரண்டு நீண்ட வெட்டுகள், கோணலாக ஒட்டிய இரண்டு இடங்களையும் உளியால் பிரித்தல், ஒவ்வோர் எலும்பிலும் ஒரு தகடு, தகட்டுக்கு நாலு திருகாணி. முடிந்ததும் உள்ளங்கையை டொக்டர் தாமே மேலே திருப்பிப் பார்த்தார். திரும்பியது. ஆனால் அது மயக்கத்தில் கிடந்தவரின் கை. சொந்தக்காரர் திருப்பும்போதுதான் கணக்கு.

அதற்குப் பிறகு டோரின் காலையும் மாலையும் பிளாஸ்தரை மணந்து பார்த்தார். உள்ளே சீழ் கட்டினால் முதலில் சொல்வது மூக்குத்தான். ஐந்தாம் நாள் ஹமீட்டுக்குக் காய்ச்சல் அடித்தது. டொக்டர் வந்து நாடி பிடித்துப் பார்த்தார். பகிடி விடவில்லை; அதுதான் ஹமீட்டுக்குப் பயமாக இருந்தது.

"நாளைக்கும் காய்ச்சல் இருந்தா திறந்து பாக்க வேணும்" என்றார் வெளியே வந்து, ஸமீமாவிடம்.

ஸமீமா கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் அப்போதே சொன்னேன் என்று சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க அவள் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

"செல்லிடு" என்றார் ஹமீட்.

"எனத்த?"

"தொண்டைல வெச்சிக்கிட்டு ஈக்கிறத."

"கை சொகமானா செல்றேன்" என்றாள்.

மறுநாள் ஹமீட்டின் தொண்டை சிவந்து, எச்சில் விழுங்க முடியாமல் போயிற்று. ஸமீமா கவலைப்பட, டோரின் சந்தோஷத்தில் கையைத் தட்டினார். காய்ச்சல் தொண்டையிலிருந்து வந்தது, கையிலிருந்து அல்ல. ஒருவருக்குத் தொண்டை நோவு வந்ததற்காக அந்த ஆஸ்பத்திரியில் யாரும் அவ்வளவு மகிழ்ந்ததில்லை.

பிளாஸ்தர் பத்துக் கிழமை இருந்தது. தொழுகைக்கு முன் ஹமீட் ஈரக் கையால் அதன் மேல் ஒரு தடவை தடவினார், ஒரே ஒரு தடவை. பத்து வியாழனும் போனார். தையில் அதை வெட்டியபோது கத்தரி கடகடவென்று சத்தமிட்டது. உள்ளே இருந்த கை முருங்கைக்காய் போல மெலிந்திருந்தது. எலும்பு நேர். ஆனால் இத்தனை மாதம் திரும்பாத கை திரும்ப மறந்திருந்தது.

டொக்டர் ஹமீட்டின் முஷ்டிக்குள் ஒரு பென்சிலைச் செருகினார். "திருப்பும்."

ஹமீட் திருப்பினார். பென்சில் நன்றாகவே சாய்ந்தது.

"முழங்கையை விலாவோடை ஒட்டும். இப்ப திருப்பும்."

பென்சில் அசையவில்லை.

"முதல் திருப்பினது தோள். தோள் பொய் சொல்லும். முழங்கை விலாவிலை இருந்தாத்தான் முன்கை உண்மை பேசும்."

வீட்டுக்கு வந்து காரின் பெட்டியிலிருந்து சுத்தியலை எடுத்தார். பிடியின் நுனியில் பிடித்து, சுத்தியலின் கனத்தால் கையை மெல்ல வெளிப்பக்கம் சாயவிட்டு, திரும்ப நிமிர்த்த வேண்டும். காலையில் ஐம்பது, மாலையில் ஐம்பது என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஐம்பதுதான் செய்தார். ஐம்பத்தோராவதற்குக் கை துடித்தது, செய்யவில்லை; அதுதான் அவருக்கு எல்லாவற்றிலும் கஷ்டமான பயிற்சி. தோள் பொய் சொல்லாமல் இருக்க ஸமீமா ஒரு துவாயால் அவர் முழங்கையை விலாவோடு கட்டினாள். சில நாள் கோபத்தோடு இறுக்கிக் கட்டினாள், சில நாள் கோபமில்லாமல் இறுக்கிக் கட்டினாள்.

மாசி முழுக்கப் பென்சில் ஒரு விரல் அகலம்தான் சாய்ந்தது. பங்குனியில் பாதி. சித்திரை தொடங்கிய வியாழனில் டொக்டர் ஒரு கோணமானியை வைத்து அளந்தார்.

"நல்ல கையை விடக் காலே அரைக்கால் பங்கு குறைவாத்தான் திரும்புது. இது போதும், காணும்."

"இன்னும் கொஞ்சம் வரும், டொக்டர் தொரை."

"வராது. இதோடை சீவிக்கலாம்."

"வரும்."

"நீர் ஒரு பிடிவாதக்காரன்."

"நீங்கதானே தொரை வெட்டின. இந்தப் புடிவாதத்த நான் வேற எங்க போய் வாங்கின?"

டொக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். அவருக்கே அது பிடிக்கவில்லை போல, உடனே அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

அன்று ஹமீட் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார். கரண்டி பக்கத்தில் இருந்தது. ஸமீமா வழக்கம் போல வைத்திருந்தாள். அவர் அதை மெல்லத் தள்ளி வைத்துவிட்டு, முழங்கையை விலாவோடு ஒட்டி, சோற்றையும் சூரை மீன் குழம்பையும் பிசைந்து ஒரு கவளம் எடுத்தார். கை திரும்பியது. முழுவதும் இல்லை, ஆனால் வாய் கைக்குப் போகவில்லை, கை வாய்க்கு வந்தது. மடியில் இரண்டு பருக்கை விழுந்தன. அவ்வளவுதான்.

ஸமீமா பார்க்காதவள் போல அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். ஹமீட் இரண்டாவது கவளத்தையும் மூன்றாவதையும் எடுத்தார். நாலாவதில் நின்றார்.

"குழம்புல உப்புக் கொறைவு."

ஸமீமா திரும்பினாள். ஒன்பது மாதமாகக் கரண்டியால் அவர் எதைத் தின்றாலும், உப்பு, புளி, உறைப்பு என்று ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. கொடுத்ததை விழுங்கிவிட்டு எழும்பிப் போனார். இப்போதுதான் வாய்க்குச் சுவை திரும்பியிருந்தது.

"உப்புக் கொறைவா? எனக்கிட்டயா உப்புக் கொறைவு?" என்று அவள் சத்தம் போட்டாள். அடுத்த வீட்டுக்கும் அதற்கடுத்த வீட்டுக்கும் கேட்கப் போட்டாள். "கை சொகமானா செல்றேன்டு சென்னேனே, இப்ப செல்றேன் கேளுங்க..."

அவள் இத்தனை மாதத்துக்கும் சேர்த்து வைத்திருந்தாள். ஹமீட் குனிந்துகொண்டு உப்புக் குறைந்த சோற்றைத் தின்றுகொண்டே கேட்டார். பீங்கான் வெறுமையானதும் வலது கையை நீட்டி, இன்னும் கொஞ்சம் போடு என்றார்.